குடியை நிறுத்திய மருமகள் தன் ஒரு வருட மெடல் நாளுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். அங்கே எப்படி நடந்துகொள்வது?

லால்குடி டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இதுவரை ஆவக்காய் ஊறுகாய்க்கும் கிரீன் கார்டுக்கும்தான் கேள்வி கேட்டிருக்கிறேன். இது வேறு மாதிரியான கேள்வி. தெரிந்தவர்கள் மட்டும் பதில் சொன்னால் போதும்.

எனக்கு 67 வயது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மூன்று வருடமாக அட்லாண்டாவுக்கு வடக்கே மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் கறுப்பினப் பெண், ஜார்ஜியாவிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்தின்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தவள்தான் நான், அதை மறைக்கவில்லை. பேத்தி பிறந்த பிறகு எல்லாம் சரியாயிற்று. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். "ம்" கொஞ்சம் அழுத்தமாக விழும்.

ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறல் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில் வேலை. கோவிட் காலத்தில் வென்டிலேட்டர் பக்கத்திலேயே நின்றவள். அப்போதுதான் குடி ஆரம்பித்திருக்கிறது. நான் வந்த புதிதில் மூடி போட்ட காபிக் குவளையோடு வீடு முழுக்க நடப்பாள். காபி வாசனை மட்டும் வராது. ஒருநாள் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் பேத்தியின் சாக்ஸைத் தேடப்போய் ஆறு ஒயின் பாட்டில்களைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மகனிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். என் அண்ணன் 1994-இல் குடியால் போனான். ஊருக்கு மஞ்சள் காமாலை என்றுதான் சொன்னோம்.

போன வருடம் ஒரு சாயங்காலம் பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்துவிட்டாள். அன்று இரவு அவளே மகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதன்பின் ஏ.ஏ. கூட்டம் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற அமைப்பு). வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒன்று இருக்கிறது, நாலு வாரம் போனாள். அப்புறம் அதை விட்டுவிட்டு, தென்மேற்கு அட்லாண்டாவில் ஒரு சர்ச் கூடத்தில் வியாழக்கிழமை நடக்கிற பெண்கள் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். 285 நெடுஞ்சாலையில் நெரிசல் இருந்தால் போக மட்டும் ஒரு மணி நேரம். அங்கே வருவதெல்லாம் கறுப்பினப் பெண்கள். பக்கத்தில் இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். "பக்கத்துக் கூட்டத்தில் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கிறது அம்மா, இந்தக் கூட்டத்தில் வேண்டாம்" என்றாள். தலையாட்டினேன். புரிந்தது என்று சொல்ல முடியாது.

வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் அவளுக்கு ஒரு வருட மெடல் கொடுக்கிறார்கள். "நீங்களும் வரணும்" என்றாள். என்ன கட்டிக்கொண்டு போவது, என்ன கொண்டுபோவது, என்னைப் பேசச் சொன்னால் என்ன செய்வது? இன்னொன்று, கேக்கில் ஊற்றுகிற வெனிலாவில் சாராயம் இருக்கிறதாமே, உண்மையா? ஒரு வருடமாக வீட்டில் அதைத் தொடவில்லை. டாக்டர் தினம் ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார், நால்ட்ரெக்ஸோன் என்று பெயர். அதுவே ஒரு போதை ஆகிவிடாதே?


கடலூர் சிவா எழுதியது:

டீச்சர், மருமகளுக்கு வாழ்த்துகள். ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. கல்லீரலுக்கு என்ன நிறம்? குடிநோய் எல்லாருக்கும் ஒன்றுதானே. கறுப்பினப் பெண்களுக்குத் தனிக் கூட்டம், வெள்ளையருக்குத் தனி என்று போனால் இவர்களே மறுபடியும் கோடு கிழித்துக்கொள்வது மாதிரி இல்லையா? தப்பாக நினைக்க வேண்டாம், சந்தேகம்தான்.


தென்றல் (சிகாகோ) எழுதியது:

அம்மா, நான் சமூகப்பணியில் இருக்கிறேன். சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு சிகிச்சை மையத்தில் ஒன்பது வருடம். செவ்வாய்க்கிழமைப் பெண்கள் குழுவில் நாற்காலி போடுவது, காபி வைப்பது, நேரம் பார்ப்பது எல்லாம் என் வேலை. அந்த அறையில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் கறுப்பினப் பெண் இல்லை. அதனால் நான் சொல்வதைப் பக்கத்து நாற்காலிக்காரி சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவா அண்ணா, முதலில் உங்கள் சந்தேகம். கோட்டை இவர்கள் கிழிக்கவில்லை. ஏ.ஏ. 1935-இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. பல ஊர்களில் வெள்ளையர் கூட்டத்துக்குள் கறுப்பினத்தவர் போய் உட்கார முடியாத காலம் அது. 1945-இல் வாஷிங்டனில் ஜிம் எஸ். என்ற கறுப்பின மருத்துவர் தன் மக்களுக்காக ஒரு குழுவைத் தொடங்கினார். அவர் கதை "பிக் புக்" என்கிற ஏ.ஏ.வின் அடிப்படைப் புத்தகத்தில் 1955 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆக இது நேற்று முளைத்த பிரிவினை இல்லை, உள்ளே விடாதபோது போட்டுக்கொண்ட பந்தல். பந்தல் நல்ல நிழல் தந்ததால் நிற்கிறது. அப்புறம் ஏ.ஏ. விதிப்படி குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி, நிறத்தைச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. அந்த சர்ச் இருக்கிற பகுதியில் யார் வாழ்கிறார்களோ அவர்கள் வருகிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த அடிக்குறிப்பு. மருமகள் மிகச் சரியான சொல்லைச் சொல்லியிருக்கிறார்.

என் குழுவில் ஒரு பெண் சொன்னது: வேறொரு கூட்டத்தில், தன் தலைமுடியைப் பற்றி மேலதிகாரி சொன்னதையும், அன்று இரவு குடித்ததையும் பேசினாராம். முடிந்ததும் ஒருவர் வந்து, அவர் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார் என்று சமாதானம் சொன்னாராம். அடுத்த வாரம் இந்தப் பெண் முடி விஷயத்தை விட்டுவிட்டார். அதற்கடுத்த வாரம் கூட்டத்தையே விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை அறையில் அதே கதையைத் தொடங்கினார், பாதி வாக்கியத்திலேயே நாலு பேர் "ம்ஹ்ம்" என்றார்கள். அந்த ம்ஹ்ம்முக்காக ஒரு மணி நேரம் கார் ஓட்டலாம் அம்மா.

இன்னொரு பெரிய விஷயம் பயம். பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். அது வெறும் கற்பனை இல்லை. ஃபுளோரிடாவில் பினெல்லஸ் கவுண்டியில் கர்ப்பிணிகளிடம் சோதனை செய்து 1990-இல் ஓர் ஆய்வு வந்தது. போதைப்பொருளோ மதுவோ இருந்த விகிதம் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அரசுக்குப் புகாராகப் போனது கறுப்பினப் பெண்கள் மேல் சுமார் 10 மடங்கு அதிகம். இப்படிப்பட்ட நாட்டில், பிள்ளையைக் கூட்டிவர மறந்தேன் என்று ஒரு கறுப்பின அம்மா முன்பின் தெரியாதவர்கள் நடுவில் சொல்வதென்றால் எவ்வளவு யோசிக்க வேண்டும்? எங்கே சொன்னால் அது கேட்டவர் காதோடு நிற்கும் என்று பார்த்துத்தான் போகிறார்கள்.

கடைசியாக "பலம்" என்ற சொல். இந்தப் பெண்களைச் சின்ன வயதிலிருந்தே நீ பலசாலி, நீ தாங்குவாய் என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். எங்கள் அறையில் அதைப் பாராட்டாகச் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை. இதில் ஒரு முரண் உண்டு. ஏ.ஏ.வின் முதல் படியே "மதுவின் முன் நாங்கள் சக்தியற்றவர்கள்" என்று ஒப்புக்கொள்வது. சிலருக்கு அது பெரிய விடுதலை, இனிமேல் தாங்க வேண்டாம் என்பதுபோல. வேறு சிலர் எழுந்து, என் பாட்டியும் அம்மாவும் சக்தியற்றுத்தான் இருந்தார்கள், நான் வேறு அதைச் சொல்ல வேண்டுமா என்பார்கள். இரண்டும் நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பென்சில்வேனியாவில் ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற வெள்ளையரான சமூகவியலாளர் 1975-இல் தொடங்கிய விமன் ஃபார் சோப்ரைட்டி அமைப்பு இந்தச் சக்தியற்ற பேச்சையே ஒதுக்கிவிட்டு, நான் திறமையுள்ள பெண் என்கிற மாதிரி 13 வாசகங்களை வைத்தது. கறுப்பினப் பெண்களே நடத்துகிற சோபர் பிளாக் கேர்ள்ஸ் கிளப் என்ற அமைப்பும் இருக்கிறது. உங்கள் மருமகளுக்கு ஏ.ஏ. ஒத்துப்போகிறது என்றால் அதுவே போதும்.

நால்ட்ரெக்ஸோன் போதை தராது, பழக்கமும் ஆகாது. குடிக்கு இதைத் தரலாம் என்று இங்கே 1994-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் யாராவது மாத்திரை எடுத்தால் அது முழுச் சுத்தம் இல்லை என்று சொன்னால் காதில் வாங்க வேண்டாம், டாக்டர் பேச்சைக் கேட்கட்டும்.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது: தினமும் நிறையக் குடிப்பவர்கள் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டீச்சரின் மருமகள் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது அதற்குத்தான். அமெரிக்காவில் 1-800-662-4357 என்ற அரசு உதவி எண்ணில் இரவும் பகலும் ஆள் இருப்பார்கள், காசு கிடையாது.


பெயர் வேண்டாம் எழுதியது:

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் பதிவில் ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஏ.ஏ.வின் பெயரிலேயே இருக்கிற "அனானிமஸ்" இதற்குத்தான்.

நான் குடிநோயாளி. ஆறு வருடம், நாலு மாதம் ஆயிற்று. நியூ ஜெர்சி. மெடல் நாளைப் பற்றி நான் சொல்கிறேன்.

குடும்பத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் அது திறந்த கூட்டம், யாரும் வரலாம். சாதாரணப் புடவை போதும், பட்டு வேண்டாம், கல்யாணம் இல்லை. ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி நான் குடிநோயாளி என்பார்கள், மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வார்கள். உங்கள் முறை வந்தால், பெயரையும் மருமகளுக்காக வந்திருக்கிறேன் என்பதையும் சொல்லுங்கள். ஒருவர் பேசும்போது நடுவில் புத்தி சொல்லக் கூடாது (டீச்சர் என்பதால் சொல்கிறேன், மன்னிக்கவும்). கூடை வரும், விருந்தாளி காசு போட வேண்டிய கட்டாயமில்லை. போட்டோ கூடாது. மெடலைப் பெரும்பாலும் ஸ்பான்சர் (அவருக்கு வழிகாட்டுகிற மூத்த உறுப்பினர்) கொடுப்பார். வெண்கலக் காசு மாதிரி இருக்கும், பார்க்க ஒன்றுமில்லை. என்னுடையதை வாங்கின அன்று காருக்குள் அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடியும்போது எல்லாரும் கைகோத்து ஒரு பிரார்த்தனை சொல்வார்கள், நீங்கள் வாயசைக்காவிட்டாலும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வெனிலா விஷயம் உண்மைதான். கடையில் எக்ஸ்ட்ராக்ட் என்று விற்பதில் சட்டப்படியே குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். நம் ஊர் பிராந்திக்குக் கொஞ்சம்தான் கம்மி. அடுப்பில் வெந்தபின் பெரும்பகுதி போய்விடும், முழுதும் போகாது. எனக்குக் கேக் பரவாயில்லை, வாய் கொப்பளிக்கிற மருந்துதான் ஆகாது. ஆளுக்கு ஆள் மாறும். மருமகளிடமே கேளுங்கள், ரகசியமாகத் தவிர்ப்பதைவிட அது நல்லது.

சிவா, உங்களுக்கு ஒன்று. மூன்று வருடம் நான் இங்கே ஆங்கிலக் கூட்டத்துக்குத்தான் போனேன். நல்ல மனிதர்கள், என்னைக் காப்பாற்றியவர்கள். லீவில் சென்னை போனபோது ஒரு தமிழ்க் கூட்டத்தில் உட்கார்ந்தேன். ஒருவர், "அப்பா சாவுக்கு வந்த மொய்ப் பணத்தை எடுத்துக் குடித்தேன்" என்றார். மொய் என்றால் என்ன என்று அங்கே யாரும் யாருக்கும் விளக்கவில்லை. மூன்று வருடத்தில் நான் முதல்தடவை அழுதது அன்றுதான். அதைப் பிரிவினை என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா, கேட்கலாமா தெரியவில்லை. பதிவில் அண்ணனைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். கேள்வி மருமகளைப் பற்றியது, அந்த வரிகள் இல்லாமலே கேட்டிருக்கலாம். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்று தனியாகக் கூட்டம் உண்டு, 1951-லிருந்து நடக்கிறது. இறந்துபோனவருக்காகவும் அங்கே வருவார்கள்.


லால்குடி டீச்சர் எழுதியது:

ஆஸ்பத்திரிப் பெயரை எடுத்துவிட்டேன் தம்பி. அண்ணன் விஷயத்தை இங்கே பேச வேண்டாம். தென்றல் பாப்பா, நீ எழுதியதை மகனுக்கும் படித்துக் காட்டினேன். அந்தப் பத்து மடங்கு கணக்கில் நின்றுவிட்டேன். பிள்ளையைக் கூட்டிவர மறந்ததை முதலில் யாரிடமும் சொல்லாதே என்று மகனும் அவளும் என்னிடம் கேட்டுக்கொண்டபோது, கௌரவத்துக்காக என்று நினைத்தேன்.

ரவா லட்டு செய்யலாமென்று இருக்கிறேன். எசென்ஸ் கிடையாது, ஏலக்காய்தான்.


கடலூர் சிவா எழுதியது:

பெயர் வேண்டாம் அவர்களே, மொய் என்றவுடன் புரிந்தது. கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டீச்சர், போய் வந்து எழுதுங்கள்.


லால்குடி டீச்சர் எழுதியது:

போய் வந்தேன். எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

மடக்கு நாற்காலிகள், பெரிய காபி டிரம், மேஜையில் பவுண்ட் கேக் மூன்று, ஒரு பீச் பழப் பணியாரம் மாதிரி ஒன்று. 23 பெண்கள், எண்ணினேன். என்னைப் பார்த்ததும் பெயருக்கு முன்னால் "மிஸ்" சேர்த்துக் கூப்பிட்டார்கள். நான் என்ன கல்யாணமாகாதவளா என்று மருமகளிடம் கிசுகிசுத்தேன். பெரியவர்களுக்கு இங்கே அப்படித்தான் மரியாதை, நீங்கள் அக்கா என்பதுபோல என்றாள். 31 வருடமாகக் குடிக்காமல் இருக்கிற ஒரு அம்மா இருந்தார். வயது 78, எல்லாருக்கும் அவர் மிஸ்.

பேசியவர்கள் என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன், என் மருமகள் பேசியதையும்தான். அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டத்தைத் தொடங்கினார்கள். கேட்ட விதத்தை மட்டும் சொல்கிறேன். ஒருத்தி பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. குறுக்கே பேசுவதும் இல்லை. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுவார்களே, அதேதான். கதை எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு ஆமா, அவள் எழுந்து நடந்துவிடுகிறாள். தென்றல் எழுதிய ம்ஹ்ம் இதுதான் என்று தெரிந்துகொண்டேன். என் மருமகள் வீட்டில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நாங்கள் அப்படி ஆமா போட்டதும் இல்லை.

குடும்பத்தார் யாராவது பேசுகிறீர்களா என்றார்கள். மகன் எழுந்து நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டான், பாவம், தொண்டை அடைத்துவிட்டது. நானும் எழுந்தேன். மருமகளைப் பற்றி மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை. "மெஷினுக்குப் பின்னால் நான் பாட்டிலைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். என் அண்ணன் விஷயத்திலும் அப்படித்தான் செய்தேன்" என்றேன். இலக்கணம் எல்லாம் தப்பு. ஆமா விழுந்தது. மருமகளைப் பார்த்தேன், அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் விஷயம் அவளுக்கு அன்றுவரை தெரியாது.

முடிந்தபின் அந்த 78 வயது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் அண்ணன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், தப்பாகத்தான் சொன்னார், சுந்தரம் சாண்டரம் ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. டீச்சர் திருத்தாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

காரில் திரும்பும்போது மருமகள் ரொம்ப நேரம் பேசவில்லை. 285 வந்ததும், "ஆறு பாட்டிலா?" என்றாள். ஆறு என்றேன். "எனக்கு நாலு என்றுதான் ஞாபகம்" என்றாள். கணக்கில் நான் தப்புவிட மாட்டேன் என்றேன். சிரித்தாள். வெனிலா கேட்டேன், வீட்டில் வேண்டாம் அம்மா, அதன் வாசனை இன்னும் ஆகவில்லை என்றாள். ரவா லட்டு பாத்திரம் காலியாகத்தான் திரும்பி வந்தது.

பெயர் வேண்டாம் தம்பி, நீ சொன்ன அந்தக் குடும்பத்தார் கூட்டம் அட்லாண்டாவுக்கு வடக்கே எங்காவது பகலில் நடக்கிறதா? நான் இரவில் கார் ஓட்டுவதில்லை.